அப்பாவோடு நமீபியா: ஊர்க்காரர்களே நடத்தும் சஃபாரி எப்படி இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விலங்குகளை எண்ணி டிக் அடிக்கப் போகிறவர்களுக்கான இடம் இது இல்லை. ஒரே நாளில் யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் அதே நமீபியாவில் எட்டோஷா தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒக்காகுவேயோ முகாமில் விளக்குப் போட்ட நீர்க்குட்டைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும், ராத்திரி காண்டாமிருகம் தானாகத் தண்ணீர் குடிக்க வரும். நாங்களும் அங்கே இரண்டு ராத்திரி இருந்துவிட்டுத்தான் வந்தோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் வடமேற்கே குனேனே பகுதியில் இருந்த ஐந்து நாள் நான்கு ராத்திரியைப் பற்றி. வேலி இல்லாத, தேசியப் பூங்காவும் இல்லாத, மாடும் ஆடும் மனிதனும் யானையும் ஒரே இடத்தில் வாழ்கிற ஊர்களில், அந்த ஊர்க்காரர்களே நடத்தும் சஃபாரி.

போனது மூன்று பேர். நான், என் மனைவி, அப்பா. அப்பாவுக்கு 67 வயது, கோவை தொண்டாமுத்தூர் பக்கம் மூன்று ஏக்கரில் வாழையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் காலியாகும், மறுநாள் வனத்துறைக்கு மனு எழுத வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொன்னபோது, "காசு குடுத்து ஆப்பிரிக்கா போய் யானை பாக்கறதா? ராத்திரி நம்ம தோட்டத்துக்கு வா கண்ணு, சும்மாவே காட்டறேன்" என்றார். எங்கள் வீட்டில் கிண்டலாகச் சொன்னது அத்தனையும் கடைசியில் இந்தப் பயணத்தில் நிஜக் கேள்வியாக வந்து நின்றது, அதனால்தான் அவரை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து விண்ட்ஹூக்குக்கு நேர் விமானம் இல்லை, அடிஸ் அபாபாவிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ மாற வேண்டும். விமான நிலையம் ஊருக்கு வெளியே 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டியை அங்கேயே எடுத்துக்கொண்டோம், மேலே இரண்டு கூரைக் கூடாரம் வைத்த டபுள் கேப் பிக்கப். நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டும் நாடு, அந்தக் கவலை இல்லை. நாட்டின் பரப்பு ஏறக்குறைய ஆறு தமிழ்நாடு, மொத்த ஜனத்தொகை 30 லட்சம்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கமன்ஜாப் தாண்டியதும் முக்கால் மணி நேரம் எதிரே ஒரு வண்டிகூட வராமல் ஓட்டும்போது உறைப்பது வேறு. கமன்ஜாப் வரைக்கும் தார் ரோடு. அதற்கு அப்புறம் சரளை, அதுவும் கத்தி மாதிரிக் கல்.

அந்தச் சரளையில்தான் டயர் போனது. மாற்று டயர் இரண்டு இருந்தது, ஜாக்கி இருந்தது, ஜாக்கியைச் சுற்றும் கைப்பிடியைக் காணோம். வண்டி கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஆனால் யாரிடம் எடுத்தாலும் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பழைய பிக்கப் வந்தது. பின்னால் ஆடு, முன்னால் இரண்டு பேர். இறங்கினார்கள், பத்து நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். காசு கொடுத்தபோது வாங்கவில்லை, தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். போகும்போது ஒருவர் சொன்ன அறிவுரைதான் அடுத்த நாட்களுக்கு எங்களைக் காப்பாற்றியது. சரளையில் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள், எண்பதுக்கு மேல் போகாதே.

சரி, இந்த ஏற்பாடு என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியாது.

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், சொந்தப் பட்டா நிலம் வைத்திருந்த வெள்ளைப் பண்ணைக்காரர்களுக்கு அவர்கள் நிலத்திலுள்ள காட்டு விலங்குகளின் மேல் உரிமை இருந்தது. வேட்டையாடலாம், விற்கலாம், விருந்தாளிகளுக்குக் காட்டிக் காசு வாங்கலாம். சமூக நிலங்களில் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு அது கிடையாது, அவர்களுக்கு யானை என்றால் கிணற்றை உடைக்கும் அரசாங்கச் சொத்து, அவ்வளவுதான். நாடு 1990-ல் விடுதலை அடைந்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி அதே உரிமையைச் சமூக நிலத்தில் வாழ்கிறவர்களுக்கும் கொடுத்தார்கள். ஊர்கள் சேர்ந்து எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, கமிட்டி தேர்ந்தெடுத்து, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று எழுதிக் கொடுத்தால் அது 'கன்சர்வன்சி' என்று பதிவாகும். 1998-ல் முதல் நான்கு பதிவாயின, இப்போது 86 இருக்கின்றன, நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. நிலம் இன்னமும் அரசாங்கத்துடையதுதான், விலங்கையும் சுற்றுலாவையும் வைத்து வருகிற வருமானம் மட்டும் ஊருக்கு.

சட்டத்துக்கு முன்னாடியே வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எண்பதுகளின் தொடக்கத்தில் பெரிய பஞ்சம், கால்நடை செத்தது, பசிக்கும் கொம்புக்கும் தந்தத்துக்குமாக விலங்குகளும் சுடப்பட்டுக் குறைந்துபோயின. கார்த் ஓவன்-ஸ்மித் என்ற காட்டுயிர் பாதுகாப்பாளர் ஊர்த் தலைவர்களிடம் போய், நீங்களே ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், அவர்களைக் காவலர்களாகப் போடலாம் என்றார். அப்படி வந்தவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் உண்டு. தடம் பார்க்கத் தெரிந்தவன் அவன்தானே. ஓவன்-ஸ்மித்துக்கும் மார்கரெட் ஜேக்கப்சன் என்ற மானுடவியலாளருக்கும் சேர்த்து 1993-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கொடுத்தார்கள்.

நாங்கள் முதல் இரண்டு ராத்திரி தங்கியது குரூட்பெர்க் லாட்ஜில். கோஅடி ஹோவாஸ் என்ற கன்சர்வன்சிக்கு நூறு சதவீதம் சொந்தமான விடுதி, 2005-ல் திறந்தது, நமீபியாவில் அப்படி முழுக்க ஒரு சமூகத்துக்கே சொந்தமாக வந்த முதல் விடுதி. கட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவி, நடத்திக் கொடுப்பது ஒரு தனியார் நிர்வாகம், சொந்தக்காரர்கள் ஊர்க்காரர்கள். கன்சர்வன்சியின் பெயருக்கு 'யானையின் மூலை' என்று அர்த்தம், அங்கே வாழும் டமாரா மக்களின் மொழி. தமிழ் எழுத்தில் நான் எழுதியிருப்பது பாதிதான், பெயரின் இரண்டு பாதிக்கும் முன்னால் ஒவ்வொரு நாக்குச் சொடுக்கு இருக்கிறது. வரவேற்பில் இருந்த அம்மா எங்களுக்குச் சொல்லித் தரப் பார்த்தார். மனைவிக்கு மூன்றாவது முயற்சியில் வந்தது. எனக்குக் கடைசி வரை மாட்டை ஓட்டுகிற சத்தம்தான் வந்தது. அப்பா முதல் தடவையே சரியாகச் சொன்னார், அவர் நிஜமாகவே மாடு ஓட்டியவர். இன்னொன்று, நன்றி சொல்ல அவர்கள் 'ஆயோ' என்கிறார்கள். முதல் நாள் முழுக்க, காப்பி கொண்டுவந்து வைத்தவரிடம் அப்பா நன்றி சொல்ல, எனக்கு ஏதோ கொட்டிவிட்டது என்றே பதறியது.

இடம் எப்படி என்றால், ஒரு மேசை மலையின் விளிம்பில் கருங்கல்லும் கூரைப்புல்லுமாகக் கட்டிய அறைகள், வாசலில் நாற்காலி, அதற்கு முன்னால் பூமி முடிந்துவிடுகிறது. கீழே கிளிப் ஆற்றுப் பள்ளத்தாக்கு, செம்பழுப்புப் பாறை அடுக்கு அடுக்காக. 13 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைக் குழம்பு அது. கழுகு நமக்குக் கீழே பறக்கிறது, முதுகைப் பார்க்கிறோம். மேலே ஏறும் பாதை அவ்வளவு செங்குத்து என்பதால் பலரும் வண்டியை அடிவாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், விடுதி வண்டி வந்து கூட்டிப்போகிறது. ஓட்டத் தெரியும் என்ற வீராப்பு இருந்தாலும் நானும் விட்டுவிட்டேன். அறையில் டிவி கிடையாது. அதைக் குறையாக எழுதியிருக்கும் ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் போனேன், அந்த ஆளைச் சந்திக்க ஆசை.

காண்டாமிருகம் தேடிப் போகும் நாள் விடிவதற்கு முன்னாடியே கிளம்புகிறது. ஆகஸ்ட் மாதம், திறந்த ஜீப், குளிர் எலும்பில் ஏறியது. எங்களோடு வழிகாட்டி ஒருவரும், அவருக்கு முன்னமே கிளம்பிப்போன கன்சர்வன்சியின் தடம்பார்ப்பவர்கள் இரண்டு பேரும். நம் வேலை முதல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து குலுங்குவது மட்டும். பாறைமேல் பாறையாக வண்டி ஏறி இறங்குகிறது, இதற்கு ரோடு என்று பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரர். முதுகு வலி இருக்கிறவர்கள் யோசித்துப் போங்கள்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம். கறுப்புக் காண்டாமிருகம் புல் மேய்வதில்லை, செடியைக் கடித்துத் தின்கிறது, அதற்குத் தக்கபடி மேல் உதடு கொக்கி மாதிரி. அது கடித்த கிளை கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினது போல இருக்கும், யானை ஒடித்த கிளை நார் நாராகத் தொங்கும். சாணத்தைக் கிளறிப் பார்த்தால் உள்ளேயும் அதே சாய்வு வெட்டுக் குச்சிகள். ஒரு புதர் கடித்து வெள்ளைப் பால் வடிந்து நின்றது, வழிகாட்டி தொடாதே என்றார், மனுஷனுக்கு விஷம், காண்டாமிருகத்துக்குச் சாப்பாடு. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கள்ளியாச்சே!" என்றார். கள்ளி இனமேதான், டமாரா நாட்டுக் கள்ளி. நம்மூரில் வேலிக்கு வைக்கிறோம், தின்கிற மிருகம் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பால் இன்னும் காயவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, ஒரு மணி நேரத்துக்குள் இங்கே நின்றிருக்கிறது என்று அவரே வழிகாட்டியிடம் சைகையில் சொன்னார். வழிகாட்டி தலையாட்டினார். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும்தான் சஃபாரி போனார்கள், நானும் மனைவியும் பின்னால் ஒட்டிக்கொண்டு போனோம்.

கடைசியில் இறங்கி நடந்தோம், வரிசையாக, பேசாமல். காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல், மூக்கும் காதும் கூர்மை, அதனால் காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கமாகவே போக வேண்டும். தடம்பார்ப்பவர் அடிக்கடி ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்றைப் பார்த்தார். ஒரு மேட்டில் படுக்கச் சொன்னார்கள். எதிர்ச்சரிவில், 150 மீட்டர் இருக்கும், பாறை என்று நான் நினைத்தது நகர்ந்தது. ஆண். கொம்பை வெட்டியிருந்தார்கள், திருடர்களுக்கு லாபம் இல்லாமல் போகட்டும் என்று செய்வது, நகம் வெட்டுகிற மாதிரி, மறுபடி வளரும். இருபது நிமிஷம் பார்த்தோம். அது தின்றது, நின்றது, ஒரு தடவை எங்கள் பக்கமாகக் காதைத் திருப்பியது, அப்போது என் பக்கத்தில் படுத்திருந்த யாரோ மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. பூங்காவுக்கு வெளியே, வேலி இல்லாமல் திரிகிற கறுப்புக் காண்டாமிருகங்கள் உலகத்திலேயே அதிகமாக இருப்பது இந்தக் குனேனே பகுதியில்தான். எல்லா நாளும் கண்ணில் படும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. எங்களுக்கு முந்தின நாள் போன ஜெர்மன் தம்பதி பார்க்காமல் திரும்பியிருந்தார்கள், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மறுநாள் யானை. பாலைவன யானை என்று தனி இனம் கிடையாது, எல்லாம் அதே ஆப்பிரிக்க யானைதான், வறண்ட ஆற்றுப் படுகைகளில் வாழப் பழகியவை. ஆற்றில் தண்ணீர் இருப்பது அபூர்வம், மண்ணுக்குக் கீழே ஈரம், கரையில் மரங்கள், அதை நம்பி நாள் கணக்கில் நடக்கின்றன. கால் தடத்தில் முன்னங்கால் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம், பாதத்து வெடிப்புக் கோடுகள் நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு. அதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்த பாடம், கொட்டாவி விட்டார். ஏழு யானை பார்த்தோம், குட்டியோடு. நான் உருகிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அதைப் பார்க்கவே இல்லை, கொஞ்சம் தள்ளி ஒரு குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கல்லை அடுக்கிக் கனமான சுவர். கொஞ்ச தூரத்தில் யானைக்கென்றே தனியாக ஒரு குடிநீர்த் தொட்டி.

அதென்ன என்று கேட்கச் சொன்னார். அங்கேதான் இந்தப் பயணத்தின் உண்மையான விஷயம் இருந்தது. பெரிய யானை ஒன்று நாளுக்கு 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீர் வருவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, பல இடத்தில் டீசல் பம்பு. டீசல் வாங்குவது ஊர்க்காரன், குடிப்பது யானை, குடித்துவிட்டுச் சும்மாவும் போகாது, குழாயைப் பிடுங்கிப் போடும். அதனால் விடுதி வருமானத்திலிருந்து சுவருக்கும் பம்புக்கும் டீசலுக்கும் கன்சர்வன்சி கொடுக்கிறது. மாட்டைச் சிங்கமோ கழுதைப்புலியோ அடித்தால் ஒரு தொகை வரும், ஆனால் மாட்டின் சந்தை விலைக்கு ஈடாகாது என்று வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு அப்படி இரண்டு மாடு போயிருக்கிறது.

"அப்பறம் எதுக்கு யானையை வெச்சுக்கிட்டு இருக்கீங்க?" இதை நான் மொழிபெயர்த்துக் கேட்டேன், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

அவர் சிரித்துவிட்டு, என் சம்பளம் யானை கொடுப்பது, என் தங்கை விடுதியில் சமையல், அதுவும் யானை கொடுப்பது, என் அண்ணனுக்குத்தான் யானை ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால் அவன் கூட்டத்தில் எழுந்து கத்துவான், கத்துவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்றார். அப்பா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "நம்ம ஊர்ல யாருகிட்டப் போய்க் கத்தறது?" என்றார்.

இந்த அண்ணன் விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இணையத்தில் இந்த மாதிரி இடங்களைப் பற்றிப் படிக்கும்போது ஊரே செழித்துவிட்டது போல எழுதுகிறார்கள். அப்படி இல்லை. வருமானத்தில் பெரிய பங்கு காவலர் சம்பளம், வண்டி, அலுவலகம் என்று போகிறது. வேலை கிடைத்த வீட்டுக்கு நல்ல லாபம், கிடைக்காத வீட்டுக்கு ரொக்கமாக வருவது சொற்பம். 2020-ல் பெருந்தொற்று வந்து விருந்தாளிகள் நின்றபோது வெளியிலிருந்து திரட்டிய நிதியில்தான் காவலர் சம்பளத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். அப்புறம், இந்த வருமானத்தில் வேட்டைக் காசும் உண்டு. அரசாங்கம் ஒதுக்கும் எண்ணிக்கைக்குள் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பெரும் தொகை கட்டிச் சுடுகிறார்கள், இறைச்சி ஊருக்குப் பங்கிடப்படுகிறது. மனைவிக்கு இது தெரிந்தபோது ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. 2024-ல் கடும் வறட்சியின்போது 83 யானை உட்பட 723 விலங்குகளைச் சுட்டு இறைச்சியைக் கொடுக்க அரசாங்கமே முடிவெடுத்ததை அவள் அப்போதே செய்தியில் படித்துக் கோபப்பட்டவள். நான் இரண்டு பக்கமும் கேட்டேன், இன்னமும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அந்தத் தொட்டிச் சுவரைக் கட்ட நான் கல் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு ராத்திரி வறண்ட ஆற்றங்கரையில் வேறொரு ஊர்க்காரர்கள் நடத்தும் சமூக முகாமில். பெயர் போடவில்லை, சின்ன இடம், ஒரு விமர்சனம் அவர்களை முடித்துவிடும். இடம் அபாரம், ஒவ்வொரு கூடார மேடையும் ஒரு பெரிய மரத்தடியில், பக்கத்து மேடை கண்ணில் படாது. நட்சத்திரத்தைப் பற்றி எழுத எனக்கு எழுத்துப் போதாது. பிரச்சினை மற்றதெல்லாம். வெந்நீருக்கு விறகு அடுப்பு, அதை மூட்ட வேண்டியவர் முதல் நாள் வரவே இல்லை. இரண்டாம் நாள் வந்து, மகளின் பள்ளிக்கூடம் போயிருந்தேன் என்றார், சரி. முன்கூட்டியே இணையத்தில் கட்டிய பணம் அவர்கள் நோட்டில் ஏறவில்லை, அலைபேசியில் ரசீதைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம். கழிப்பறை சுத்தமாக இருந்தது, கதவு பாதிதான் இருந்தது. அப்பா தென்னை ஏறியவர் என்பதால் கூரைக் கூடாரத்து ஏணியில் குரங்கு மாதிரி ஏறிவிட்டார், நாங்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கப் பயந்து விடியும் வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்தோம். காலையில் பார்த்தால் வண்டியைச் சுற்றி யானைத் தடம். ஒரு சத்தம் கேட்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கதவு பாதியாக இருப்பதை மன்னிக்கலாம், வெந்நீரை மன்னிப்பது ஆகஸ்ட் மாதத்தில் கஷ்டம்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. வழியில் ஓர் இடத்தில் ஹிம்பா என்ற பழங்குடி மக்களின் கிராமம் பார்க்கலாம் என்று பலகை போட்டிருந்தது, யார் நடத்துகிறார்கள் என்று கேட்காமல் போனது எங்கள் தப்பு. வண்டி நின்றதும் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள், ஒருவன் நடந்துகொண்டே செம்மண் பூச்சைக் காட்டினான், தலைமுடியைத் தொட்டுக் காட்டினான், படம் எடு எடு என்றான். அந்தப் பெண்களில் ஒருவர்கூட எங்களிடம் பேசவில்லை, அவன் பேசவும் விடவில்லை. மனைவி ஐந்து நிமிஷத்தில் வண்டிக்குப் போய்விட்டாள். காசு யாருக்குப் போகிறது என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. நீங்கள் போனால் இதை முதலில் கேளுங்கள், அப்புறம் இறங்குங்கள்.

இதற்கு நேர் எதிர் துவைஃபெல்ஃபோன்டைன் பக்கத்தில் டமாரா மக்களே நடத்தும் 'வாழும் அருங்காட்சியகம்'. பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டுவதுதான், தோலாடை, தீக்கடைதல், கொல்லுலை, மூலிகை. ஆனால் நாங்கள் வீட்டில் ஜீன்ஸ்தான் போடுவோம், எங்கள் பாட்டன் காலம் இது என்று அவர்களே முதலில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார்கள். நாம் கேட்கலாம், அவர்களும் நம்மைக் கேட்கிறார்கள். எங்களைக் கேட்டது, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குப் போன எட்டு சிவிங்கிப்புலியும் எப்படி இருக்கின்றன என்று. சில செத்துவிட்டன, குட்டியும் போட்டிருக்கின்றன என்று சொன்னோம். பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் விசாரிக்கிற தோரணையில்தான் விசாரித்தார்கள்.

துவைஃபெல்ஃபோன்டைன் பாறைச் செதுக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யுனெஸ்கோ 2007-ல் உலக மரபிடமாக அறிவித்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாலின் நுனியிலும் ஒரு பாதம் வைத்த சிங்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கவே போகலாம். கடலே கண்ணில் படாத இடத்தில் கடல்நாயைச் செதுக்கியிருக்கிறான் ஒருவன். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பாறை சூடேறினால் நிற்க முடியாது.

அந்தப் பக்கம் பெர்க்சிஹ் என்ற ஊர் வழியாகப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன். டோரா கன்சர்வன்சியின் முக்கிய ஊர் அது, 1998-ல் பதிவான முதல் நான்கில் ஒன்று. அங்கே வாழ்கிறவர்களில் பலருடைய குடும்பம் தென்னாப்பிரிக்காவில் ரீம்வாஸ்மாக் என்ற இடத்திலிருந்து 1973, 74 வாக்கில் நிறவெறி அரசு பிடுங்கிக் கொண்டுவந்து இந்தக் கல்லுக்காட்டில் இறக்கிவிட்டவர்கள். அப்படிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான் இன்று இந்தக் காண்டாமிருகங்களைக் காவல் காக்கிறார்கள்.

சாப்பாடு. நமீபியா இறைச்சி நாடு. குரூட்பெர்க்கில் முன்கூட்டியே சைவம் என்று சொல்லியிருந்தோம், மூன்று வேளையும் அக்கறையாகவே கொடுத்தார்கள், பூசணியும் பீன்ஸும் நன்றாகச் செய்கிறார்கள். முகாமில் நாமே சமைக்க வேண்டும். மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் என்பது அச்சு அசல் நம் களி, அதோடு கையோடு கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் சேர்ந்தால் அப்பாவுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. வெட்குக் என்று ஒரு பொரித்த மாவு உருண்டை, நம் போண்டாவின் ஒன்றுவிட்ட தம்பி, கிடைத்தால் விடாதீர்கள். ஒன்று மட்டும் நினைவு வையுங்கள், பால்ம்வாக் பக்கத்தில் கால்நடை நோய்த் தடுப்பு வேலியின் சோதனைச் சாவடி இருக்கிறது, வடக்கிலிருந்து தெற்கே போகும்போது பச்சை இறைச்சி கொண்டுபோக விடமாட்டார்கள், வாங்கியிருந்தால் அங்கேயே சுட்டுத் தின்ன வேண்டியதுதான்.

செலவு குறைவு என்று பொய் சொல்ல மாட்டேன். நமீபிய டாலர் நம் காசுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய், தென்னாப்பிரிக்க ராண்டும் அங்கே அதே மதிப்பில் செல்லும். சமூக முகாம் மலிவு. விடுதியும் காண்டாமிருக நடையும் மலிவில்லை, அந்த ஒரு நாளுக்குக் கொடுத்ததை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மே முதல் அக்டோபர் வரை போகலாம், ஜூன் ஜூலை ஆகஸ்டில் ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். பெட்ரோல் பங்கைக் கண்டால் டேங்க் முக்கால்வாசி இருந்தாலும் நிரப்புங்கள். சின்னக் குழந்தைகளோடு போகாதீர்கள், காண்டாமிருக நடையில் அவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, நம்மாலேயே முடியவில்லை. விவசாயம் செய்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

காண்டாமிருகத்தைப் பார்த்துத் திரும்பும்போது தடம்பார்ப்பவர் எங்கள் மூன்று பேரின் அலைபேசியையும் காட்டச் சொல்லி, இடக்குறிப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். படத்தைப் போடுங்கள், எங்கே எடுத்தது என்று மட்டும் போடாதீர்கள், கொம்புத் திருடர்களும் இணையம் படிக்கிறார்கள் என்றார். ஊருக்கு வந்த அன்றைக்கே அப்பா தோட்டத்துக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டார். புள்ளி மாதிரித்தான் தெரிகிறது, எருமையா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். இடம் எதுங்க என்று இன்னொருவர் கேட்டதற்கு அப்பா அடித்த பதில்: "அது சொல்லக் கூடாதுங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."